உதிர்ந்த 'ஆம்'

கல்லூரி விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. செய்திக்கு முன்னால் அதில் சற்று நேரம் இரைச்சல் ஓடும். ஈர மணலில் யாரோ காலை இழுத்து இழுத்து நடப்பது போல இருக்கும். பிறகு இரைச்சல் அடங்கி, ஒரு குரல் வரும்.

"செய்திகள். வாசிப்பது ஆவுடையப்பன்."

தட்டுகளின் ஓசை நின்றுவிடும். போரானாலும் புயலானாலும் அந்தக் குரல் ஏறாது, இறங்காது. பயப்படலாமா வேண்டாமா என்று நாங்கள் அந்தக் குரலிடம்தான் கேட்டுக்கொண்டோம்.

எத்தனையோ வருடங்கள் கழித்து, நான் சேவை செய்யப் போய்ச் சேர்ந்த அன்னசாலையில் அதே ஆவுடையப்பனைப் பார்த்தேன். எண்பதை நெருங்கியிருந்தார். மனைவி இறந்த பிறகு, சீடராக இருக்கிறேன் என்று கேட்டு வந்தவர். காலையில் பாடல் வாசிப்பார். மற்ற நேரங்களில் எங்கே எழுத்துப் பிழை கண்டாலும் திருத்துவார். அரிசி மூட்டையில் அச்சடித்திருந்ததைக்கூட ஒருமுறை பேனாவால் திருத்தினார்.

அன்னசாலை தென்காசிக்குப் போகும் ரோட்டில், புளியமரங்கள் முடிகிற இடத்தில் இருக்கிறது. பகலில் வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே சோறு உண்டு. நடத்துகிறவர் உலகம்மை. நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய பெண். முன்பு நடத்திய பெரியவர், போகிற காலத்தில் தன் இடத்தில் இவரை உட்கார வைத்துவிட்டுப் போனார். அதனால் முடி நரைத்த நாங்களும் அவரை அம்மா என்போம். அவர் எங்களை ஐயா, அம்மா என்பார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. இலை முன்னால் உட்கார்ந்தவரிடம் பெயரும் ஊரும் கேட்பதில்லை. "போதுமா?" என்று மட்டும் கேட்கலாம்.

சீடர்களில் இளையவள் தாரிணி. பொறியியல் படித்தவள். பாதி நாள் கம்ப்யூட்டரில் எங்கோ உள்ள கம்பெனிக்கு வேலை செய்வாள், பாதி நாள் அன்னசாலையின் போனைக் கவனிப்பாள். ஆவுடையப்பனைத் தாத்தா என்பாள். தாத்தா தண்ணீர் கேட்டால்கூடத் தலைப்புச் செய்தி மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வாள். அவரும் விடமாட்டார். "குடிநீர் வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று அதே குரலில் சொல்வார்.

ஆனி மாதக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. ஆவுடையப்பனின் மச்சினர் அவருக்கு ஒரு சேதி அனுப்பினார். போனைத் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி அவர் படித்தது இது.

"பிள்ள புடிக்கிர கும்பள் நம்ம மாவட்டத்துக்குள்ள வந்துருக்காம். முட்டாய் விக்கிர மாரி வருவாங்களாம். புள்ளைங்கள தூக்கிட்டுப் போயிருவாங்களாம். எல்லாருக்கும் அனுப்பவும்."

அவருக்குப் பிழைகள் பொறுக்கவில்லை. இத்தனை முக்கியமான விஷயத்தை இப்படியா எழுதுவது என்று வருத்தப்பட்டார். உட்கார்ந்து திருத்தினார். திருத்தியதைத் தன் குரலில் போனில் பதிவு செய்தார்.

"குழந்தைகளைக் கடத்தும் கும்பல் ஒன்று நமது மாவட்டத்திற்குள் நுழைந்துள்ளது. இவர்கள் மிட்டாய் விற்பவர்களைப் போல வேடமிட்டு வருகின்றனர். பெற்றோர் எச்சரிக்கையாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். வாசித்தது ஆவுடையப்பன்."

அன்னசாலைக்கு அரிசி பருப்பு தருகிற அன்பர்கள் எல்லோரும் இருக்கிற குழுவில் அதைப் போட்டார். அவர்கள் தங்கள் தங்கள் குழுக்களில் போட்டார்கள்.

பயம் முதலில் கதவுகளில் தெரிந்தது. அன்னசாலையைச் சுற்றியுள்ள ஊர்களில் பகலில் கதவைச் சாத்தும் பழக்கம் கிடையாது. அந்த வாரம் சாத்தினார்கள். பள்ளிக்கூட வேனுக்குப் பின்னாலேயே தகப்பன்மார் பைக்கில் போனார்கள். ஊர் முகப்புகளில் பெரியவர்கள் கம்போடு உட்கார்ந்தார்கள். துடைப்பம் விற்கிற பெண் வருவதை நிறுத்தினாள். ஒட்டடைக் கம்பு விற்பவர் வந்தார், ஆனால் சாப்பிடும்போது திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தார். பந்தியில் ஆள் குறைந்து சோறு மீந்தது.

பஞ்சு மிட்டாய் விற்பவர் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தார். வடக்கே எங்கிருந்தோ வந்தவர், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். தோளில் ஒரு கழி, கழி முழுக்க ரோஜா நிறப் பைகள், கையில் ஒரு மணி. சாப்பிட உட்காரும்போது மணியின் நாக்கில் துணியைச் சுற்றி, சத்தம் வராமல் இலைக்குப் பக்கத்தில் படுக்க வைப்பார். அவருக்குத் தமிழில் தெரிந்தது ஒரே சொல். எங்களிடம் கற்றது. "போதும்."

அன்றும் சாப்பிட்டுவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பந்தி கழுவிக்கொண்டிருந்தபோது பால் வண்டிக்காரர் வந்தார். வண்டியை நிறுத்தவில்லை. ஜன்னல் வழியே சொன்னார், செவ்வரளிப்பட்டியில் பஞ்சு மிட்டாய்க்காரரைப் பிடித்துப் பால் சொசைட்டித் தூணில் கட்டியிருக்கிறார்கள் என்று. கூட்டம் நல்ல கூட்டமில்லை என்றும் சொன்னார்.

உலகம்மை கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். தாரிணியிடம் போலீசுக்குச் சொல்லச் சொன்னார். ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறினார். ஆவுடையப்பன் நின்றுகொண்டே இருந்தார்.

"வாங்க ஐயா," என்றார் உலகம்மை.

தாரிணியும் ஏறினாள். ஓரத்தில் இடமிருந்ததால் நானும் ஏறினேன்.

போகிற வழியில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தாரிணிக்குப் பதில் வந்தது. ஜீப் வேறு ஊரில் இருக்கிறது, அங்கேயும் இதே மாதிரி ஒரு பிரச்சினை, வருகிறோம் என்றார்கள். அவள் அதை எங்களிடம் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்றும் சொன்னாள். அது பொய்ச் சேதி என்று அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். நாலு வருஷமாக ஊர் ஊராக மாவட்டத்தின் பெயரை மாற்றிச் சுற்றிக்கொண்டிருக்கிற சேதியாம்.

"சொல்லலையே நீ," என்றார் ஆவுடையப்பன்.

"சொன்னா நீங்க கேக்கவா போறீங்க தாத்தா. உங்களுக்கு மச்சினர் அனுப்பினா அது வேதம்."

ஆட்டோவின் கம்பியைப் பிடித்திருந்த அவர் கை வெளுத்திருந்தது.

பால் சொசைட்டி முன்னால் கூட்டம் நின்றது. இரைச்சல் இல்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது. எல்லோரும் எதையோ முடிவு செய்துவிட்டு, யார் தொடங்குவது என்று பார்த்துக்கொண்டிருப்பது போல நின்றார்கள். தொடங்கியும் இருந்தார்கள். தூணில் உட்கார்ந்தபடி கட்டப்பட்டவரின் முகத்தில் ஒரு பக்கம் வீங்கி, கண் மூடியிருந்தது. தரையில் ரோஜா நிறப் பைகள் மிதிபட்டு ஒட்டிக் கிடந்தன. யாராவது அவர் பக்கம் கையை ஓங்கினால் அவர் சொன்னார்.

"போதும். போதும்."

"தமிழ் நல்லா வருது பாரு," என்றான் பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்த ஓர் இளைஞன். "இவ்வளவு நேரம் தெரியாத மாதிரி நடிச்சிருக்கான்."

கம்பு வைத்திருந்த ஒரு பெரியவர் உலகம்மையைப் பார்த்தார். அன்னசாலை அம்மாதானே என்றார். இவன் அந்தப் பக்கமே கையைக் காட்டிக்கொண்டிருக்கிறான், இவன் யாரென்று தெரியுமா என்று கேட்டார்.

"தெரியாது," என்றார் உலகம்மை.

"பேரு?"

"தெரியாது."

"ஊரு?"

"தெரியாது ஐயா."

கூட்டத்தில் ஒரு அசைவு ஓடியது. நான் அவர் புடவையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அந்த நேரத்தில் நினைத்தேன்.

"பேரு தெரியாதவனுக்கு எதுக்கும்மா சோறு போடுதீக?"

"பசின்னு வந்தாரு."

அப்போது ஆவுடையப்பன் முன்னால் வந்தார். கும்பிட்டார். அந்தச் செய்தி தவறானது என்றார். அதை வாசித்தவன் நான்தான், விசாரிக்காமல் வாசித்துவிட்டேன், இந்த மனிதருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

கம்பு வைத்திருந்தவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். விரலால் தடவித் தடவித் தேடி, அழுத்தினார். அந்தக் குரல் வந்தது. நிதானமாக, ஏறாமல், இறங்காமல்.

"இதைக் கேட்டீரா?" என்றார். "எங்க அப்பா காலத்துல இருந்து இந்தக் குரலைக் கேக்கேன். இவரு பொய் சொல்ல மாட்டாரு."

"அது நான்தான் ஐயா."

"அவரு இப்படியா நடுங்குவாரு?"

சிலர் சிரித்தார்கள். ஆவுடையப்பன் கண்ணை மூடினார். தொண்டையைச் சரி செய்துகொண்டார். தோளை நிமிர்த்தினார்.

"செய்திகள். வாசிப்பது ஆவுடையப்பன்."

கூட்டம் அடங்கியது. கம்பு வைத்திருந்தவரின் முகம் மாறியதைப் பார்த்தேன். போனையும் ஆவுடையப்பனையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கணம், எல்லாம் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

பைக் சாவிக்காரன்தான் அதைக் கலைத்தான். அவனுக்குக் கோபம்கூட இல்லை.

"பெரியப்பா, இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டா யார் குரல் வேணும்னாலும் வரும். செத்தவங்க குரலே வருது. போன்ல இருக்கிறதும் டுபாக்கூரா இருக்கும், இவரு பேசுறதும் டுபாக்கூரா இருக்கும்."

"தம்பி, நான் கம்ப்யூட்டர் இல்லை. உங்கள் முன்னால் நிற்கிறேன்," என்றார் ஆவுடையப்பன்.

"மிமிக்ரி பண்றவனும் முன்னாலதான் தாத்தா நிப்பான்."

தாரிணி பாய்ந்து தன் போனை நீட்டினாள். இந்தச் சேதி எங்கே தொடங்கியது, எந்தெந்த ஊரில் சுற்றியது, பொய் என்று யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று காட்டினாள். அவன் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. எதுவும் எழுதலாம் அக்கா என்றான். அது அவளே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிற வார்த்தைதான்.

"அப்ப பொய்யின்னே வச்சுக்கோ. இவனை விட்டுருவமா?" என்று யாரோ கேட்டார்கள்.

இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண் சொன்னாள். அவளும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"பொய்யாவே இருக்கட்டும். நாளைக்கு ஒரு புள்ள காணாமப் போச்சுன்னா யாரு வந்து சொல்லுவா?"

கூட்டம் ஒரு அடி நெருங்கியது. யார் முதலில் காலை எடுத்து வைத்தார்கள் என்று தெரியவில்லை. எல்லோரும் ஒன்றாக எடுத்து வைத்தது போல இருந்தது.

உலகம்மை நடந்துபோய்த் தூணுக்குக் கீழே, பஞ்சு மிட்டாய்க்காரரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சம்மணம் போட்டு, பந்தியில் உட்காருகிற மாதிரி. முந்தானையின் நுனியால் அவருடைய மூடிய கண்ணை மெதுவாகப் பொத்தினார். துணி சிவந்தது.

"இவரை எனக்குத் தெரியாது," என்றார். "என் பேரும் ஊரும் உங்களுக்குத் தெரியாது. என்னையும் சேர்த்துக் கட்டுங்க. போலீஸ் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் இங்கதான் இருப்போம்."

கயிற்றின் மிச்சம் ஒருவன் கையில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு கம்பு வைத்திருந்தவரைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

யாரும் கட்டவில்லை. யாரும் கலைந்தும் போகவில்லை. வெயில் சொசைட்டியின் ஓட்டிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. ஒரு தடவை பின்னாலிருந்து ஒரு கல் வந்து தூணில் பட்டு விழுந்தது. உலகம்மை தலையைக் குனியவில்லை. தாரிணியின் விரல்கள் என் கையை இறுக்கிக்கொண்டிருந்தன, விரல் நகம் பதிந்தது பிறகுதான் தெரிந்தது. ஆவுடையப்பன் உதடுகளை அசைத்துக்கொண்டே நின்றார். சத்தம் வரவில்லை.

ஜீப் வந்தபோது கூட்டம் வழி விட்டது. கட்டை அவிழ்க்கும்போதும் பஞ்சு மிட்டாய்க்காரர் அதே சொல்லைத்தான் சொன்னார். அவிழ்க்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

அன்னசாலைக்குத் திரும்பியதும் உலகம்மை முந்தானையைக் கழுவினார். பிறகு வந்து ஆவுடையப்பனின் எதிரில் உட்கார்ந்தார். மச்சினர் அனுப்பியதை அப்படியே படிக்கச் சொன்னார். அவர் படித்தார். வந்துருக்காம். வருவாங்களாம். தூக்கிட்டுப் போயிருவாங்களாம்.

"உங்க மச்சினர் கண்ணால பாத்தாரா?"

"இல்லை அம்மா. அவருக்கும் வந்தது."

"இதுல 'ஆம்' இருக்கு. நீங்க வாசிச்சதுல இல்லையே. எங்க போச்சு?"

"எடுத்துவிட்டேன் அம்மா. செய்தியில் 'ஆம்' வரக்கூடாது. என் ஆசிரியர் அப்படித்தான் பழக்கினார்."

"எப்படிப் பழக்கினாரு? அவர் சொன்னதைச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் அதை மனப்பாடமாக வைத்திருந்தார். உடனே தொடங்கினார்.

"உறுதியானால் 'ஆம்' போடாமல் வாசி. உறுதியில்லையானால்…"

நின்றுவிட்டார்.

"உறுதியில்லன்னா?"

"வாசிக்காதே," என்றார்.

தாரிணி தானாகவே சொன்னாள். தாத்தாவின் பதிவை அவளும் பகிர்ந்திருந்தாள். நம்பி அல்ல. எங்க தாத்தா நியூஸ் வாசிக்கிறார் பாருங்க என்று, விழுந்து விழுந்து சிரிக்கிற முகங்களை வரிசையாகப் போட்டுத் தோழிகளுக்கு அனுப்பினாளாம். அவர்களும் சிரித்துவிட்டு அனுப்பினார்களாம்.

"செவ்வரளிப்பட்டிக்குப் போனப்போ அந்தச் சிரிப்பு இருந்துச்சா?" என்று கேட்டார் உலகம்மை.

தாரிணி தலையைக் குனிந்துகொண்டாள். வழியில் எங்கேயோ அது விழுந்துவிட்டிருக்கும் என்றாள்.

பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்களாக இல்லை. போலீசில் ஆவுடையப்பனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தான் வாசித்தது தவறு என்று அவர் இன்னொரு பதிவு செய்து, தாரிணியின் உதவியோடு, முன்பு அனுப்பிய எல்லோருக்கும் அனுப்பினார். அது அவர்களைத் தாண்டி நகரவே இல்லை. மச்சினர் மட்டும் பதில் போட்டார். ஒரு ரோஜாப்பூப் படம். காலை வணக்கம் என்று அதில் எழுதியிருந்தது.

அன்பர்கள் சிலர் நேரில் வந்தார்கள். இனிமேல் ஆதாரைப் பார்த்துவிட்டுச் சோறு போடுங்கள் என்றார்கள். ஒருவர் வாசலில் கேமரா வாங்கி வைத்துத் தருவதாகவும் சொன்னார். உலகம்மை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர்கள் போன பிறகு ஆவுடையப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அன்றைக்கு நமக்கு அந்த மனிதரின் பெயராவது தெரிந்திருந்தால், அதைச் சொல்லி அவரை மீட்டிருக்கலாம்.

"நீங்க உங்க பேரைச் சொன்னீங்களே ஐயா," என்றார் உலகம்மை.

காற்றில் புளிய இலைகள் முற்றமெல்லாம் வந்து விழுந்துகொண்டிருந்தன. கடைசியில் ஆவுடையப்பன் கேட்டார். கேட்பதற்கே பயந்தது போல இருந்தது.

"அம்மா, நான் வாசித்த பொய்யை எல்லோரும் நம்பினார்கள். நேரில் போய்ச் சொன்ன உண்மையை ஒருவர்கூட நம்பவில்லை. ஏன்?"

உலகம்மை எழுந்து உள்ளே போனார். ஒரு தூக்குவாளியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"செவ்வரளிப்பட்டிக்குப் போங்க. ஏதாவது ஒரு வீட்டுல மோர் கேட்டு வாங்கிட்டு வாங்க."

"என்னைக் கண்டால் அடிப்பார்களே அம்மா."

தாரிணி, நானே ஆன்லைனில் மோர் வரவழைத்துத் தருகிறேன் தாத்தா என்று கேலியாகத் தொடங்கி, உலகம்மையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆவுடையப்பன் வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். நாங்கள் காய் நறுக்கினோம், உலை வைத்தோம், பந்தி போட்டோம். ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் தாரிணி வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசிப் பந்தியும் முடிந்தது. அவளுடைய போன் அடித்தபோதெல்லாம் அவள் அதை எடுக்கப் பயந்தாள்.

பந்தி கழுவி முடிந்த பிறகு அவர் வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. உடம்பில் அடி எதுவும் இல்லை. தூக்குவாளியை உலகம்மையின் முன்னால் வைத்தார். அது காலியாக இருந்தது.

"யாரும் தரலியா?"

"இல்லை அம்மா. தெருவில் நுழையும்போதே கதவுகளைச் சாத்தினார்கள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஒரு வீட்டில் மட்டும் ஒரு பெண் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பேசினாள்."

"என்ன கேட்டா?"

"பெயர் கேட்டாள், ஊர் கேட்டாள். இரண்டையும் சொன்னேன். அதற்குப் பிறகும் கதவைத் திறக்கவில்லை. மிட்டாய் விக்கிற மாதிரி வருவாங்களாம், மோர் கேக்கிற மாதிரியும் வருவாங்களாம், நான் எப்படித் திறப்பேன் என்றாள்."

"யாரு சொன்னதாம்?"

ஆவுடையப்பன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"கேட்டேன் அம்மா. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரே சொன்னார் என்றாள்."

தாரிணி முகத்தை மூடிக்கொண்டாள். உலகம்மை தூக்குவாளியை எடுத்தார். தொட்டித் தண்ணீரில் அலசி, நீர் வடியக் கவிழ்த்தார். பிறகு திரும்பினார்.

"நாளைக்கும் போங்க ஐயா. தாரிணி அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க."

பஞ்சு மிட்டாய் விற்றவரை அவருடைய அண்ணன் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு அழைத்துப் போனார். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.